குக்கர் வெயிட்டைக் கட்டிக்கொண்டு தூங்கும் பையன்

கேள்வி: என் மகனுக்கு 22 மாதம் முடிந்துவிட்டது. கோவையில் இருக்கிறோம். காலை ஒன்பதுக்கு வேலைக்குக் கிளம்பினால் நான் திரும்ப ஆறரை ஆகும். பகலில் மாமியார்தான் பார்த்துக்கொள்கிறார். அவர் பையனிடம் தெலுங்கில் பேசுவார். நானும் கணவரும் தமிழ். அவன் சொல்லும் சொற்களை ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன், 25தான் வந்தது (பட்டியலை இத்துடன் வைத்திருக்கிறேன்). இவனைவிட இரண்டு மாதம் சின்னவளான பக்கத்து வீட்டுக் குழந்தை "அம்மா ஆபீஸ் போச்சு" என்கிறாள். இவனுக்குக் கோழி, குருவி, புறா எல்லாமே "தாக்கா". நாங்கள் சொல்வது புரிகிறது. கையைத் தூக்கிக்கொண்டு "தூத்து, தூத்து" என்று வருவான். தண்ணீருக்கு "நீலு", சோற்றுக்கு "புவ்வா", இரண்டும் அவ்வாவிடம் கற்றது. சூடாக இருந்தால் "ஊ" என்று ஊதச் சொல்வான். மாட்டைக் கண்டால் "ம்மா". குப்பை வண்டி வந்தால் "வண்ணி" என்று கேட்டுக்கு ஓடுவான். போன் காட்டாமல் சாப்பாடு இறங்காது.

எத்தனையோ பொம்மை வாங்கியும் தொடமாட்டான். பழைய குக்கர் வெயிட் ஒன்றுதான் அவனுக்கு உயிர். அதன் பெயர் "உஷ்ஷ்". அதை என் கையில் திணித்து, முகத்தைப் பார்த்து "உஷ்ஷ்" என்பான். நானும் சொன்னால் சிரிப்பான். தூங்கும்போதும் கையில் இருக்க வேண்டும். போன வாரம் கட்டிலுக்குப் பின்னால் விழுந்துவிட்டது, "உஷ்ஷ் போச்சு" என்று அரைமணி நேரம் அழுதான். ராத்திரி ஃபேன், லைட், பிரிட்ஜ் என்று வரிசையாக டாட்டா சொன்னால்தான் படுப்பான். ஒன்று விட்டுப்போனால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இணையத்தில் படித்து, ஆட்டிசமாக இருக்குமோ என்று பயந்துபோயிருக்கிறேன். மாமியார் நாக்கில் வசம்பு தேய்க்கலாம் என்கிறார். தெரிந்த ஒருவர், நாக்குக்கு அடியில் ஒட்டியிருக்கும், வெட்டிவிட்டால் பேச்சு வரும் என்கிறார். பிளேஸ்கூல் சேர்க்கும் முன் வீட்டில் இங்கிலீஷ் மட்டும் பேசலாம் என்பது கணவரின் யோசனை. பையனுக்கு அடிக்கடி சளி பிடிக்கும், இரண்டு முறை காதுவலியும் வந்திருக்கிறது. நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை உங்கள் பயத்துக்காக, இரண்டாவது முறை பையனின் பேச்சுக்காக. இரண்டாவது முறை கையில் பேனா இருந்தது.

பட்டியலில் 25 சொல் இருக்கிறது, சரி. ஆனால் கடிதத்துக்குள்ளேயே பட்டியலில் இல்லாத சொற்கள் உட்கார்ந்திருக்கின்றன: தூத்து, நீலு, புவ்வா, ஊ, ம்மா, வண்ணி, உஷ்ஷ், போச்சு, டாட்டா. ஒன்பது. ஆக 34. ஏன் விட்டீர்கள் என்று எனக்குத் தெரியும், பேச்சுப் பயிற்சியாளரான என்னிடம் வரும் அம்மாக்கள் பலரும் இப்படித்தான் எழுதிக்கொண்டு வருவார்கள். "நீலு" தெலுங்கு என்பதால் விட்டிருப்பீர்கள். "தூத்து" சரியான உச்சரிப்பு இல்லை என்று விட்டிருப்பீர்கள். "உஷ்ஷ்" வெறும் சத்தம். "போச்சு" ஒரு பொருளின் பெயர் இல்லையே என்று அதையும் விட்டிருப்பீர்கள். எங்கள் கணக்கு வேறு மாதிரி. ஒரு குழந்தை ஒரே ஒலியை, ஒரே அர்த்தத்தில், தானாக, திரும்பத் திரும்பச் சொன்னால் அது ஒரு சொல். எந்த மொழி, எவ்வளவு தெளிவு என்று பார்ப்பதில்லை.

இதைவிட முக்கியமான ஒன்றைப் போகிற போக்கில் எழுதிவிட்டுக் கடந்துபோயிருக்கிறீர்கள். "உஷ்ஷ் போச்சு." பக்கத்து வீட்டுப் பெண்ணின் வாக்கியத்தைக் கேட்டுக் கலங்கிய நீங்கள், உங்கள் பையனின் வாக்கியம் கட்டிலுக்குப் பின்னால் விழுந்தபோது குனிந்து வெயிட்டை மட்டும் எடுத்திருக்கிறீர்கள்! இரண்டு சொல்லை அவனே சேர்த்திருக்கிறான். யாரும் அவனுக்கு "உஷ்ஷ் போச்சு" என்று சொல்லிக் கொடுத்திருக்க முடியாது, ஏனென்றால் "உஷ்ஷ்" என்பதே அவன் வைத்த பெயர்.

தமிழ்க் குழந்தைகளிடம் "போச்சு", "வேணும்", "இல்ல", "தா" போன்றவை சீக்கிரம் வருவதை நான் தினமும் பார்க்கிறேன். நம் மொழியில் வினை கடைசியில் நிற்கிறது. "சோறு வேணுமா", "சோறு போதுமா", "சோறு தீந்துபோச்சு" என்று நாம் பேசும்போது, பிள்ளையின் காதில் கடைசியாகத் தங்குவது அந்தச் சொல்தான் என்று நினைக்கிறேன். பெரியவர்களோ படப் புத்தகத்தை விரித்து "இது என்ன? அது என்ன?" என்று பெயர்களாகவே கேட்கிறோம், பெயர்களாகவே எண்ணுகிறோம். வாக்கியம் கட்ட வினை வேண்டும். உங்கள் பையனிடம் அது இருக்கிறது.

இனி வயதுக் கணக்கு. இரண்டு வயது நிறையும்போது ஐம்பது சொல்லாவது இருக்க வேண்டும், இரண்டு சொல்லைச் சேர்த்துப் பேசத் தொடங்கியிருக்க வேண்டும் என்பது நாங்கள் பொதுவாக வைத்திருக்கும் அளவு. அந்த வயதில் ஐம்பதோடு நிற்கும் பிள்ளையும் உண்டு, முந்நூறைத் தாண்டிய பிள்ளையும் உண்டு. பெண் பிள்ளைகள் சராசரியாகக் கொஞ்சம் முந்துவார்கள். உங்கள் பையன் மெதுவான பக்கம் இருக்கிறான். அதை மறைத்து "எல்லாம் சரியாகிவிடும்" என்று உங்களை அனுப்பிவைக்க மாட்டேன். ஆனால் நீங்கள் பயந்த இடத்தில் அவன் இல்லை.

"தாக்கா" விஷயம் எனக்குக் கவலை தரவில்லை. ஒரு சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு பறவைகள் அனைத்துக்கும் அதையே போடுவது இந்த வயதில் சகஜம். நம் கையில் ஒரே ஒரு ஸ்க்ரூ டிரைவர் இருந்தால் எல்லாத் திருகாணிக்கும் அதைத்தானே வைத்துப் பார்ப்போம்? வாசலில் கோழியும் காக்காவும் சேர்ந்து நிற்கும்போது "கோழி எங்கே?" என்று கேட்டுப் பாருங்கள். அவன் விரல் கோழியைக் காட்டினால், வித்தியாசம் தெரிந்திருக்கிறது, வாய்க்கு மட்டும் இன்னும் வரவில்லை என்று அர்த்தம்.

"காக்கா" ஏன் "தாக்கா" ஆகிறது, "தூக்கு" ஏன் "தூத்து" ஆகிறது என்றால், க என்ற ஒலி தொண்டைப் பக்கம் பிறப்பது, த பல்லுக்குப் பின்னால் பிறப்பது. பல பிள்ளைகளுக்கு முன்பக்க ஒலி முதலில் படியும். மூன்று, மூன்றரை வயதுக்குள் பெரும்பாலும் தானாகச் சரியாகும். ர, ற, ழ எல்லாம் அதற்கும் பிறகு; ழ வராத பெரியவர்களே ஊர் நிறைய இருக்கிறார்கள். அவன் "தாக்கா" என்றால் "காக்கான்னு சொல்லு" என்று திருத்த வேண்டாம், நீங்களும் "தாக்கா" என்று கொஞ்ச வேண்டாம். "ஆமா, காக்கா! காக்கா பறந்துபோச்சு" என்று சரியான ஒலியைப் பதிலுக்குக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

அப்புறம், குக்கர் வெயிட்.

ஒன்றரை, இரண்டு வயதுப் பிள்ளைகள் ஒரு பொருளைப் பிடித்துக்கொண்டு விடாமல் இருப்பது பழைய சங்கதி. டொனால்ட் வின்னிகாட் என்ற பிரிட்டிஷ் குழந்தை மருத்துவர் 1951இலேயே இதைப் பற்றி ஒரு புகழ்பெற்ற கட்டுரை வாசித்தார். அம்மா அருகில் இல்லாத நேரத்தை ஒரு பொருளைக் கொண்டு பிள்ளை கடக்கிறது என்பது அவர் எண்ணம். அவர் காட்டிய உதாரணங்களில் போர்வை நுனியும் துணிப் பொம்மையும் வரும். நம் வீடுகளில் அம்மாவின் பழைய சேலை வரும். உங்கள் வீட்டில் எஃகில் வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஆட்டிசம் பற்றிக் கேட்டீர்கள். பொருள் எது என்பதை வைத்து யாரும் முடிவுக்கு வருவதில்லை. அந்தப் பொருளை வைத்துக்கொண்டு பிள்ளை மனிதர்களிடம் வருகிறதா, அல்லது மனிதர்களை விட்டு விலகுகிறதா என்றுதான் பார்ப்போம். உங்கள் கையில் திணித்து, முகத்தைப் பார்த்து, நீங்கள் அதே சத்தம் கொடுத்ததும் சிரிக்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். இதில் பகிர்தல் இருக்கிறது, முகம் பார்த்தல் இருக்கிறது, முறை வைத்துப் பேசுதல் இருக்கிறது. நல்ல அறிகுறிகள். நீங்கள் எழுதாத சிலவற்றை வீட்டிலேயே கவனியுங்கள். பின்னால் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறானா? விமானம் போனால், வேண்டும் என்பதற்காக இல்லாமல், "பாரேன்" என்று உங்களுக்குக் காட்டுவதற்காக விரல் நீட்டுகிறானா? நீங்கள் விரல் நீட்டிய பக்கம் பார்க்கிறானா? காலித் தம்ளரில் குடிப்பது போல, பொம்மைக்கு ஊட்டுவது போல பாவனை செய்கிறானா? இவற்றில் பல இல்லை என்றால் குழந்தை மருத்துவரிடம் எம்-சாட் என்ற ஆட்டிச வடிகட்டல் படிவத்தைக் கேளுங்கள். 16 முதல் 30 மாதப் பிள்ளைகளுக்கான 20 கேள்விகள் அதில் இருக்கும். அது வடிகட்டி மட்டும்தான், நோயைச் சொல்லும் சோதனை கிடையாது. ஒரு கடிதத்தை வைத்து ஆட்டிசம் உண்டு என்றோ இல்லை என்றோ நானும் சொல்ல முடியாது. இணையம் சொல்வதை அதனால்தான் நம்ப வேண்டாம் என்கிறேன்.

ஒரு எச்சரிக்கை. அவனுடைய வெயிட் வேறு, அடுப்பில் வைக்கும் வெயிட் வேறு என்று பிரித்துவிடுங்கள். விழுந்து உருண்ட வெயிட்டைத் திரும்பக் குக்கரில் போட வேண்டாம். துளை அடைத்திருந்தால் ஆபத்து. அந்தச் சத்தத்தின் மேல் இவ்வளவு ஆசை உள்ள பிள்ளை ஒருநாள் நிஜக் குக்கரை நோக்கிக் கை நீட்டுவான். அடுப்பு நேரத்தில் சமையலறை வாசலுக்கு ஒரு தடுப்பு போடுங்கள்.

அவன் கையிலிருக்கும் அதே வெயிட்தான் உங்களுக்குப் பாடப் புத்தகம். பிள்ளையின் கவனம் ஏற்கெனவே எதில் நிற்கிறதோ, அதைப் பற்றிப் பேசும் சொல் சீக்கிரம் ஒட்டும். தம்ளருக்குள் போட்டு மூடுங்கள்: "உஷ்ஷ் எங்க? உஷ்ஷ் இல்ல!" திறந்து, "உஷ்ஷ் வந்துருச்சு!" தண்ணீரில் போட்டு "முங்கிப்போச்சு". துண்டால் துடைத்து "உஷ்ஷ் குளிச்சாச்சு". அவனுக்குத் தெரிந்த ஒரு சொல்லோடு புதுச் சொல் ஒன்று. நூறு ரூபாய் அட்டைப் படங்கள் செய்யாததை இது செய்யும். (அட்டைப் படம் காட்டி "ஆப்பிள்" சொல்ல வைப்பதில் எனக்கு எப்போதுமே பெரிய மரியாதை கிடையாது. வீட்டில் ஆப்பிளே வாங்காதவர்களும் முதலில் அதைத்தான் காட்டுகிறார்கள்.)

வேலைக்குப் போவதால் நேரம் இல்லை என்ற குற்ற உணர்ச்சி கடிதம் நெடுகத் தெரிகிறது. தனியாகப் பாடநேரம் ஒன்றும் வேண்டாம். தினமும் ஒரே வரிசையில் நடக்கிற வேலையில்தான் பேச்சு வளரும். அடுத்து என்ன வரும் என்று பிள்ளைக்குத் தெரியும், அந்த இடத்தில் ஒரு சொல்லை எதிர்பார்க்கும். உங்களுக்குக் கிடைக்கும் நேரத்தில் இரண்டே வேலையை எடுத்துக்கொள்ளுங்கள்: காலைக் குளியல், ராத்திரி டாட்டா.

குளியலில் தினமும் ஒரே சொற்கள். "தலைக்குத் தண்ணி ஊத்து", "சோப்பு போடு", "முதுகைத் தேய்", "போதும்". நாலைந்து நாள் நீங்களே சொல்லுங்கள். பிறகு சொம்பைத் தூக்கி, "தண்ணி..." என்று நிறுத்திவிட்டு அவன் முகத்தைப் பாருங்கள். மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். இந்தக் காத்திருப்புதான் எங்கள் தொழிலின் பாதி, பெற்றோருக்கு மிகக் கஷ்டமாக இருப்பதும் இதுதான். நாம் இரண்டு விநாடியில் வாயைத் திறந்துவிடுகிறோம். அவன் "ஊ" என்றாலும் சரி, சொம்பைத் தொட்டாலும் சரி, உடனே "ஊத்து! தண்ணி ஊத்து!" என்று ஊற்றிவிடுங்கள். சொல்லாவிட்டால் ஊற்றமாட்டேன் என்று மட்டும் பிடிவாதம் வேண்டாம். அது பேச்சைப் பரீட்சை ஆக்கிவிடும். விருந்தாளிகள் முன்னால் "மாமாவுக்குச் சொல்லிக் காட்டு" என்பதும் அதே பரீட்சைதான்.

ராத்திரி டாட்டா வரிசையைக் குறைக்கப் பார்க்காதீர்கள். இந்த வயதுக்கு ஒழுங்கின் மேல் ஒரு பிடிப்பு உண்டு. அவன் சொல்லும் "டாட்டா"வோடு நீங்கள் பெயரைச் சேருங்கள்: "டாட்டா ஃபேன்", "டாட்டா லைட்". பத்து நாள் கழித்து ஒருநாள் "டாட்டா..." என்று நிறுத்தினால், ஃபேன் அவன் வாயிலிருந்து வரலாம். வராவிட்டாலும் நஷ்டமில்லை. இந்த வயதுக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து 11 முதல் 14 மணி நேரம் தூக்கம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நீங்கள் வந்த பிறகும் விழித்திருந்து பத்து, பதினொரு மணிக்குப் படுக்கிறான் என்றால், காலையில் யார் பேசினாலும் எரிச்சல்தான் வரும். டாட்டா ஊர்வலத்தை எட்டரைக்கே தொடங்கிவிடுங்கள்.

இனிக் கசப்பான பகுதி, போன். ஒரு வயதுப் பிள்ளைக்குத் திரையே வேண்டாம், இரண்டு வயதில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று அதே நிறுவனம் 2019இல் சொன்னது. நம் நாட்டுக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் இரண்டு வயதுக்குள் வேண்டாம் என்கிறது. என் வருத்தம் திரையின் வெளிச்சம் பற்றி இல்லை. ஒரு நாளில் மூன்று வேளை, வேளைக்கு அரைமணி, உங்கள் பையனும் ஒரு பெரியவரும் முகத்துக்கு முகம் உட்காரும் நேரம் அது. "இன்னும் வேணுமா", "போதும்", "சூடு", "ஊது" எல்லாம் பிறக்கிற இடம். அந்த இடத்தில் போன் உட்கார்ந்திருக்கிறது. முதலில் மாலைத் தின்பண்டத்துக்கு மட்டும் நிறுத்துங்கள். ஒரு வாரம் கழித்துக் காலை டிபன். சில நாள் குறைவாகச் சாப்பிடுவான். ஒரு வயதுக்கு மேல் வளரும் வேகம் குறைவதால் பசியும் இயல்பாகவே குறையும், பயப்பட வேண்டாம். அவனே கையால் அள்ளிச் சாப்பிடட்டும், தரை துடைப்பது நம் விதி. ஊரிலிருக்கும் தாத்தாவோடு வீடியோவில் பேசிச் சிரிப்பதை நான் இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை.

மாமியாரிடம் ஒன்று சொல்லுங்கள்: தெலுங்கில் தாராளமாகப் பேசட்டும். அவனுக்கு "நீலு"வும் "புவ்வா"வும் கொடுத்தவர் அவர்தான். இரண்டு மொழி கேட்பதால் பேச்சு தாமதமாவதில்லை. கணவரிடம் சொல்லுங்கள்: இங்கிலீஷ் பள்ளியில் கிடைக்கும். வீட்டில் அவருக்குச் சிரிக்க, கொஞ்ச, கோபப்பட எந்த மொழி வருகிறதோ அதில் பேசினால்தான் பிள்ளைக்கு வளமான பேச்சு கிடைக்கும். யோசித்து யோசித்துப் பேசும் ஐந்தாறு இங்கிலீஷ் வாக்கியங்கள் போதாது.

வசம்பு வேண்டாம். "பிள்ளை வளர்ப்பான்" என்று பெயரே வைத்திருக்கிறோம், தெரியும். ஆனால் அதிலுள்ள அசரோன் என்ற பொருள் காரணமாக அமெரிக்காவில் 1968இலேயே அதை உணவில் சேர்க்கத் தடை விதித்தார்கள். மாமியாரிடம் சண்டை போடாமல் வேறு ஒரு வேலை கொடுங்கள்: காலையில் காக்காவுக்குச் சோறு வைக்கும்போது அவனையும் கூட்டிக்கொண்டு போய், "காக்கா ரா" என்று அவன் கூப்பிடும்வரை காத்திருப்பது. அவர் உங்களைவிட நன்றாகச் செய்வார். நாக்கு விஷயத்திலும் கத்தி வேண்டாம். நாக்கு ஒட்டியிருப்பது சில ஒலிகளைக் கொஞ்சம் பாதிக்கலாம், ஆனால் சொல் கற்பதைத் தாமதப்படுத்தாது. "நீலு"வில் ல தெளிவாக வருகிறதே, அந்த நாக்கு மேலே போகிறது.

நான் உண்மையிலேயே அவசரப்படுத்துவது ஒன்றைத்தான்: காது. குக்கர் விசில் கேட்டு ஓடிவந்தாலும் அது காது நன்றாக இருப்பதற்குச் சான்று ஆகாது. விசில் பலத்த சத்தம். ஸ, த, ப போன்ற மெல்லிய ஒலிகள் கேட்கிறதா என்பதுதான் கேள்வி. அடிக்கடி சளியும் காதுவலியும் வரும் பிள்ளைகளுக்குச் செவிப்பறைக்குப் பின்னால் நீர் தேங்கிவிடும்; தலையைத் தண்ணீருக்குள் வைத்துக்கொண்டு பாடம் கேட்பது மாதிரி இருக்கும். பிறந்தபோது செய்த சோதனையில் பாஸ் என்றாலும் இது பிறகு வரலாம். காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டி, டிம்பனோமெட்ரி (செவிப்பறை அசைகிறதா என்று பார்ப்பது), ஓ.ஏ.இ. (உள்காது வேலை செய்கிறதா என்று பார்ப்பது) சோதனைகளைக் கேளுங்கள். தேவைப்பட்டால், சத்தம் மூளை வரை போய்ச் சேர்கிறதா என்று தூங்கும்போது எடுத்துப் பார்க்கும் பெரா டெஸ்டும் சொல்வார்கள். வலிக்காது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் டி.இ.ஐ.சி. என்ற, பிள்ளைகளின் வளர்ச்சிக் குறைகளைச் சீக்கிரமே கண்டு உதவும் ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் இருக்கின்றன. அங்கே காசு கேட்க மாட்டார்கள். தனியாரிடம் போனால், பேச்சுப் பயிற்சியாளர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்தவரா என்று கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை, எங்களில் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டோம்.

காது சரியாக இருந்தால், இரண்டு வயது நிறையும்வரை மேலே சொன்னபடி வீட்டிலேயே செய்யுங்கள். அப்போதும் ஐம்பதைத் தொடவில்லை, "உஷ்ஷ் போச்சு" மாதிரி புதிய சேர்க்கைகள் வரவில்லை என்றால் ஒரு ஸ்பீச் தெரபிஸ்டைப் பாருங்கள். "மூணு வயசு வரைக்கும் பாக்கலாம், இவங்கப்பாவும் லேட்டாத்தான் பேசினார்" என்று யாராவது சொல்வார்கள். தாமதமாகப் பேசும் பிள்ளைகளில் பாதிக்கு மேல் தாமாகவே பிடித்துவிடுவது உண்மைதான். யார் பிடிப்பார்கள், யார் பிடிக்க மாட்டார்கள் என்று இரண்டு வயதில் உறுதியாகச் சொல்ல முடியாததால்தான் நாங்கள் சீக்கிரம் வரச் சொல்கிறோம். வந்த சொற்கள் மறைந்துபோனால் மட்டும், எந்த வயதானாலும், அந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள்.

அந்தப் பட்டியல் தாளைக் கிழித்துவிட்டு ஒரு சின்ன நோட்டு போடுங்கள். சொல், அவன் சொன்ன மாதிரியே. பக்கத்தில் எப்போது, எதைப் பார்த்துச் சொன்னான் என்று ஒரு வரி. மாமியார் கேட்டதையும் ராத்திரி கேட்டு எழுதுங்கள், பகல் முழுக்க அவரிடம்தானே பேசுகிறான். முதல் வரியில் "உஷ்ஷ் போச்சு" என்று எழுதி, போன வாரத் தேதியைப் போட்டுவிடுங்கள்.